சொட்டினால் சந்தோஷம், சொட்டாவிட்டால் பயம்

பிளம்பர் யாகப்பனைக் குருவையா கடைசியாக உயிரோடு பார்த்தது மூங்கில்பாறை பஸ் நிறுத்தத்தில். வத்தலக்குண்டு பஸ் கிளம்பிவிட்டது. யாகப்பன் பின்படியில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே போனார்.

"தண்ணி சூடானாப் பெருக்கும்! அதை அடக்கப் பாக்காதீங்க! ஓரத்து வால்வுல சொட்டும். சொட்டினா சந்தோசப்படுங்க! சொட்டலைன்னாத்தான் பயப்படணும்!"

மூன்றாவதாகவும் ஏதோ சொன்னார். அதற்குள் டிரைவர் வளைவுக்கு ஆரன் அடித்துவிட்டார். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. யாகப்பன் தன் தலையைச் சுற்றிக் கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். பிறகு பாறை குறுக்கே வந்து பஸ்ஸை மறைத்துக்கொண்டது.

வழியனுப்ப வந்திருந்த மூன்று பேரும் மரியாதைக்குத் தாங்களும் தலையைச் சுற்றிக் கையைச் சுழற்றிக் காட்டினார்கள். ஒருவர் மச்சக்காளை, ஊர்ச் சமுதாயக் கூடத்தின் தலைவர். இன்னொருவர் சன்னாசி, அதன் செயலாளர். மூன்றாவது நம் குருவையா. அவருக்குப் பதவி இல்லை. ஆனால் அவர் மகள் செவ்வந்திக்குத்தான் தை மாதம் அந்தக் கூடத்தில் கல்யாணம்.

"மூணாவது என்ன மாமா சொன்னாரு?" என்று சன்னாசி கேட்டான்.

"தலையச் சுத்தச் சொன்னாரு," என்றார் குருவையா.

"எப்ப?"

"அதத்தான் ஆரன் அடிச்சுக் கெடுத்துட்டான்."

மச்சக்காளை கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கும்போது ஊரில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். "சுவிட்சு போடுறதுக்கு முன்னால சுத்தணும். எந்தக் காரியத்துக்கும் முன்னாலதான் சுத்துறது. முடிஞ்சப்பறம் எவன் சுத்துவான்?" என்றார். அதோடு அது சட்டமாகிவிட்டது.

யாகப்பன் கூடத்தில் பொருத்திவிட்டுப் போன அந்தச் சுடுதண்ணீர்க் கீசர் மலையேறி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் அப்பா சுருளியாண்டி கீழ்நாட்டுக்காரர், சமவெளியிலிருக்கும் கள்ளிப்பட்டி. நல்ல மனிதர், ஆனால் குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். அவர் பெண் எடுத்ததும் மலையில்தான். முப்பது வருஷத்துக்கு முன் கல்யாணத்தன்று விடிகாலையில் அவரை ஓடையில் இறக்கிக் குளிப்பாட்டினார்கள். தாலி கட்டும்போது கை உதறிய உதறலில் மூன்று முடிச்சு போட வேண்டியவர் ஒரே சிக்காகப் போட்டுவிட்டார். அந்தச் சிக்கை அவர் மனைவி இன்றுவரை அவிழ்க்க முடியாமல் வைத்திருக்கிறார்.

அதனால் நிச்சயதார்த்தத்தில் வெற்றிலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "சம்பந்தி, எனக்கு நகை வேணாம், சீர் வேணாம். எங்க ஆளுக அத்தனை பேருக்கும் காலையில சுடுதண்ணி. ஒரே ஒரு ஆளு பச்சைத்தண்ணியில குளிச்சாலும் சரி, மாப்பிள்ளைய வேன்ல ஏத்திக்கிட்டு இறங்கிருவேன்."

செவ்வந்திக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் யார் அடுப்பை மூட்டினாலும் போய்ப் பக்கத்தில் நின்று தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் விறகு எடுக்கத் தடை வந்திருந்த சமயம் அது. நாற்பது பேருக்கு எங்கே போய்த் தண்ணீர் காய்ச்சுவது? அப்போதுதான் கூடத்துக்கு ஒரு பெரிய கீசர் வாங்குவது என்று முடிவானது. ஆள் உயரம், சினை எருமை வயிறு.

யாகப்பன் வந்து அதைப் பொருத்தினார். வேலை முடியும்வரை குருவையா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. எடுபிடிக்குக் குருவையா. முதல் நாள், "இந்தப் பைப்பைக் கொஞ்சம் புடிச்சுக்கய்யா," என்று கொடுத்துவிட்டு யாகப்பன் மறந்துபோய்ச் சாப்பிடப் போனார். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்தால் குருவையா அதே இடத்தில் அதே பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது. விரட்டக் கையில்லை.

யாகப்பன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு எழுந்துபோய் ஈயை ஓட்டிவிட்டார். "சொன்ன சொல்லக் காப்பாத்துற ஆளு உன்னைய மாதிரி ஒருத்தன் கெடைக்க மாட்டான்யா," என்றார். குருவையாவை வாழ்க்கையில் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

வேலை முடிந்த அன்று யாகப்பன் மூன்று பேரையும் நிறுத்தி விளக்கினார்.

"மேட்டு டேங்குல இருந்து பச்சைத்தண்ணி இந்த வழியா உள்ள வருது. திரும்பி வெளிய போகாது, ஒருவழி வால்வு போட்டிருக்கேன். தண்ணி சூடானாக் கொஞ்சம் பெருக்கும். டேங்கு இரும்பு, அது பெருக்காது. அப்ப பெருத்த தண்ணி எங்க போகும்?"

"பொறுத்துக்கிட்டு இருக்கும்," என்றான் சன்னாசி.

"பொறுக்காதுப்பா. முட்டும். அதுக்குத்தான் ஓரத்துல இந்தக் குட்டி வால்வு. முட்டினாத் தொறந்து, இந்தச் சின்னக் குழாய் வழியா வெளிச்சுவத்துல சொட்டும். விளங்குதா?"

மூன்று பேரும் விளங்கியது என்றார்கள். யாகப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் பஸ்ஸில் ஏறிய பிறகும் கத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மூன்று பேரும் கீசர் முன் நின்று தலையைச் சுற்றிக் கையைச் சுழற்றினார்கள். மச்சக்காளை சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளிச்சுவருக்கு ஓடிப்போய் அந்தச் சின்னக் குழாய்க்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறும்போது ஒரு சொட்டு விழுந்தது.

"சொட்டிருச்சு!" என்றான் சன்னாசி.

"அப்ப சந்தோசப்படணும்," என்றார் மச்சக்காளை.

அவருக்கு அன்றைக்குப் பார்த்துக் கடைவாய்ப் பல்வலி. இருந்தாலும் தலைவர் ஆயிற்றே. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒவ்வொரு சொட்டுக்கும் மூன்று பேரும் சிரித்தார்கள். போகப்போகச் சொட்டு வேகமாக விழுந்தது. சிரித்து மாளவில்லை.

பிறகு தண்ணீர் போதுமான அளவு சூடாகிவிட்டது. கீசர் தானாகவே சிவப்பு விளக்கை அணைத்துக்கொண்டது. சொட்டுவது நின்றது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னாசியின் உதட்டில் பாதிச் சிரிப்பு அப்படியே காய்ந்து நின்றது.

"சொட்டல," என்றார் குருவையா.

"அப்ப பயப்படணும்," என்றார் மச்சக்காளை.

எழுந்து ஓடினார்கள். கூடத்துக்குப் பின்னால் சன்னாசியின் காரட் காடு. அதன் நடுவில் போய் உட்கார்ந்து பயந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சன்னாசி கேட்டான்: "எம்புட்டு நேரம்ணே பயப்படணும்?"

"அதை அவரு சொல்லலையே."

"சாயங்காலம்வரைக்கும் பயந்தாப் போதாதா? எனக்கு மாடு பத்தணும்."

"மாடு பத்திக்கிட்டே பயப்படு. உன்னைய உக்காந்துதான் பயப்படணும்னு யாரு சொன்னா?"

குருவையாவின் மனைவி நாச்சம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். மச்சக்காளையின் தங்கைதான் அவள். ஆனால் அந்தக் குடும்பத்து மூளை முழுவதும் அவள் பங்குக்கு வந்துவிட்டது.

"என்னண்ணே, மூணு பேரும் காரட்டுக்குள்ள உக்காந்திருக்கீங்க?"

"பயந்துக்கிட்டு இருக்கோம், தாயி."

"எதுக்கு?"

மச்சக்காளை குருவையாவைப் பார்த்தார். குருவையா சன்னாசியைப் பார்த்தார். "எதுக்குன்னும் அவரு சொல்லல," என்றான் சன்னாசி.

நாச்சம்மா கூடத்துக்குப் போய்க் கை கழுவக் குழாயைத் திறந்தாள். சுடுதண்ணீர் ஆவி பறக்க வந்தது. அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கை கழுவி, கால் கழுவி, தூக்குவாளியையும் கழுவினாள். வெளியே போன சுடுதண்ணீருக்குப் பதில் மேட்டு டேங்கிலிருந்து பச்சைத்தண்ணீர் உள்ளே வந்தது. சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. அவள் குழாயை மூடிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் சுவரில் சொட்ட ஆரம்பித்தது.

காட்டிலிருந்து மூன்று பேரும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள்.

இந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் வேலை சுலபமாகிவிட்டது. சொட்டு நின்றால் உடனே சுடுதண்ணீரைத் திறந்து வெளியே கொட்டுவார்கள். புதுத்தண்ணீர் வந்து சூடாகும், சொட்டும், சந்தோஷப்படுவார்கள். பொழுது விடிந்து பொழுது போகிறவரை சுடுதண்ணீர் வாய்க்காலாகப் போய்க் காரட் காட்டில் பாய்ந்தது. ஊரில் ஒருவருக்கும் குளிக்க ஒரு சொம்பு கிடைக்கவில்லை. சன்னாசி ஒருநாள் காரட்டைப் பிடுங்கிப் பார்த்தான். வெந்திருந்தது.

"உப்பு மட்டுந்தாண்ணே போடணும்," என்று கொண்டுவந்து நீட்டினான். மூன்று பேரும் தின்றார்கள். பல்வலிக்கு இதமாக இருக்கிறது என்றார் மச்சக்காளை.

இதற்கிடையில் இன்னொரு விவகாரம் வந்தது. சொட்டுகிற இடத்தில் சேறாகிறது என்று குருவையா ஒரு பித்தளைச் செம்பை அடியில் வைத்திருந்தார். அது நிறைந்துவிட்டது.

"டேங்குக்குள்ள தண்ணி நிறைய இருக்கு. குறையல. அப்ப செம்புல இருக்கிறது எந்தத் தண்ணி?" என்று கேட்டார் மச்சக்காளை.

"பெருத்த தண்ணி மச்சான்," என்றார் குருவையா.

"அதாவது, நாம ஊத்தாத தண்ணி."

"ஆமா."

"அப்ப அது யாருக்குப் பாத்தியம்?"

இது பெரிய கேள்வி. உள்ளே போன தண்ணீர் ஊருக்குச் சொந்தம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது உள்ளேயே பிறந்த தண்ணீர். மூன்று பேரும் செம்பைச் சுற்றி உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் சன்னாசிதான் வழி கண்டுபிடித்தான்.

"அண்ணே, ஒரு வெள்ளாட்ட வாரத்துக்கு விடுறோம். ஆடு நம்மளது. வளக்கிறது இன்னொருத்தன். மொதக் குட்டி யாருக்கு?"

"வளத்தவனுக்கு. அதான நம்ம ஊரு வழக்கம்."

"டேங்கு நம்மளது. அதைப் பெருக வச்சது யாரு?"

மூன்று பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. யாகப்பனுக்குச் சேர வேண்டியதை இத்தனை நாளாக மண்ணில் விட்டிருக்கிறார்கள்! உடனே ஆளனுப்பிச் செம்பில் யாகப்பன் பெயரை வெட்டி வாங்கினார்கள். வாய்க்கு வாழையிலை கட்டினார்கள். கிளம்பும்போது நாச்சம்மா ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டைக் குருவையாவின் தோளில் போட்டாள்.

"அந்த அண்ணன் கொடியில மறந்து போட்டுட்டுப் போயிட்டாரு. குடுத்துருங்க."

வத்தலக்குண்டு பஸ்ஸில் குருவையா செம்பை மடியில் வைத்து, வளைவுக்கு வளைவு அதோடு சேர்ந்து சாய்ந்துகொண்டே போனார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தெருமுனையில் இறங்கியதும் யாகப்பன் வீட்டு வாசலில் பந்தல் தெரிந்தது. நாற்காலி போட்டிருந்தது. ஜனம் இருந்தது.

"நாம வர்றது எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றான் சன்னாசி.

"பெரிய மனுசன். தெரிஞ்சிருக்கும்," என்று மச்சக்காளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

குருவையாதான் முதலில் உள்ளே போனார். நடுக்கூடத்தில் பெஞ்சு மேல் யாகப்பன் படுத்திருந்தார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். குருவையா செம்பைக் கீழே வைக்கவில்லை. யாரும் வைக்கச் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. துடைக்கக் கையில்லை.

சன்னாசி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, இந்தத் தலையைச் சுத்துற விசயத்த இப்பவாச்சும் கேட்டுறலாமா?"

"இப்ப எப்படிடா கேக்கிறது?"

"காதோரமாக் கேப்போம்."

"சும்மா இருடா," என்று குருவையா அதட்டினார். அவர் யாரையும் அதட்டிப் பார்த்ததே இல்லை. சன்னாசி பின்னால் போய் நின்றுகொண்டான்.

யாகப்பனின் மனைவி ஞானப்பூ அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த முகத்தில் வேறு ஏதோ வந்துபோனது.

"மூங்கில்பாறையா நீங்க? பஸ்ஸு கிளம்பினப்பறந்தான் துண்டு ஞாபகம் வந்துச்சாம். தலைத்துண்டு, தலைத்துண்டுன்னு கையச் சுத்திச் சுத்திக் காட்டினேன், மூணு பேரும் எனக்குத் திருப்பிச் சுத்திக் காட்டினாங்கடின்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நேத்து ராச் சோத்துக்கு உக்காந்தப்பக்கூட அதச் சொல்லித்தான் சிரிச்சாரு."

குருவையா செம்பை நீட்டினார். "அண்ணன் பங்கும்மா. முதல் தண்ணி," என்றார்.

அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. குளிப்பாட்டும்போது முதலில் அந்தச் செம்புத் தண்ணீரைத்தான் எடுத்து ஊற்றினாள். துண்டை அவர் தலைமாட்டில் மடித்து வைத்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அவரு பேரு வெட்டின பாத்திரம் கண்ணு முன்னால இருந்தா எனக்குத் தாங்காது. நீங்களே வச்சுக்கங்க."

பஸ் திரும்பி மலையேறியது. கடைசி வளைவில் மச்சக்காளை சொன்னார்: "அப்ப தப்பாச் செஞ்சிருக்கோம். துண்டு இல்லாமச் சுத்தியிருக்கோம்."

அன்றிலிருந்து ஆளுக்கொரு துண்டைக் கையில் பிடித்துத் தலையைச் சுற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்கள்.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் நாச்சம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இந்தா பாருங்க. நாளைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குளிச்சு முடிக்கிறவரைக்கும் ஒரு சொட்டுச் சுடுதண்ணிய வெளிய கொட்டக் கூடாது. கொட்டினா என் மக கல்யாணம் நிக்கும்."

"கொட்டலைன்னா சொட்டு நிக்குமே தாயி," என்றார் மச்சக்காளை.

"நிக்கட்டும்."

"நின்னா நாங்க பயப்படணுமே."

"பயப்படுங்க."

மூன்று பேரும் குருவையாவைப் பார்த்தார்கள் என்று சொல்ல வந்தேன், குருவையாவும் அந்த மூன்றில் ஒருவர்தான். ஆகவே இரண்டு பேர் குருவையாவைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயந்துக்கிட்டே கல்யாணத்த நடத்துவோம் மச்சான். பொண்ணப் பெத்தவன் பயப்படுறது புதுசா?"

விடிந்தபோது வேனும் பஸ்ஸுமாகக் கள்ளிப்பட்டி வந்து இறங்கியது. நாற்பது பேர். பனி புகையாக இறங்கியிருந்தது. எல்லாரும் இடுப்பில் துண்டோடு குளிக்கும் முற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். தலைக்கு மேலே சுடுதண்ணீர்க் குழாய் நீளமாகப் போகிறது, வரிசையாகப் பிரிந்து இறங்குகிறது. ஆனால் ஒருவரும் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முதல் சொம்பு ஊற்றிக்கொள்ளாமல் மற்றவர் ஊற்றிக்கொள்ளக் கூடாது என்பது கள்ளிப்பட்டி வழக்கம்.

அந்த அப்பாவோ இன்னும் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மலையில் வேம்பு கிடைக்காது என்று ஊரிலிருந்தே ஒரு கட்டு வேப்பங்குச்சி கொண்டுவந்திருந்தார். மென்று மென்று நுனியைப் பிரஷ்ஷாக்கிக்கொண்டு, சுவரோரம் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார். சரியாக அந்தச் சின்னக் குழாய்க்கு அடியில். அவருக்கு உச்சி வழுக்கை.

சொட்.

"யாருடா அது?"

சொட்.

நிமிர்ந்து பார்த்தார். வாயிலிருந்த குச்சியை எடுத்து, மென்ற நுனியைக் குழாய்க்குள் விட்டு, உள்ளங்கையால் ஓர் இடி இடித்தார். சொட்டு நின்றது. இன்னொரு குச்சியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் வந்த குருவையா இதைப் பார்த்தார். சம்பந்தி குச்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார். மலையில் வேம்பு கிடையாதல்லவா.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குருவையா அதையே பார்த்தார். ஏதோ சரியில்லை. இத்தனை நாளில் விளக்கு எரிந்தால் சொட்டும், விளக்கு அணைந்தால் நிற்கும். இப்போது விளக்கு எரிகிறது. ஆனால் அவர் வந்த வழியில் சொட்டவில்லை. கீசரின் வயிற்றுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு மேலே குழாயில் ஒரு முனகல்.

யாகப்பனின் குரல் காதில் கேட்டது. அவர் ஓடினார்.

"எல்லாரும் பயப்படுங்க!" என்று கத்திக்கொண்டே முற்றத்துக்குள் பாய்ந்தார்.

மச்சக்காளையும் சன்னாசியும் ஏன் என்று கேட்கவில்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இலைக்கட்டோடு காரட் காட்டுக்கு ஓடினார்கள். கள்ளிப்பட்டிக்காரர்கள் நாற்பது பேரும் சிரித்தார்கள்.

"என்ன சம்பந்தி, காலங்காத்தால?" என்றார் சுருளியாண்டி.

"சொட்டல சம்பந்தி! கையெடுத்துக் கும்பிடுறேன். ஒரே ஒரு நிமிசம் பயப்படுங்க!"

"எங்க வம்சத்துல எவனும் பயந்ததில்ல."

"எனக்காகப் பயப்படுங்க! பொண்ணக் குடுக்கிறவன் கேக்கிறேன்!"

"சீர் வேணாம்னு சொன்னாலும் சொன்னேன், இந்த ஊர்ல என்னென்ன கேக்கிறாங்கடா," என்று சுருளியாண்டி தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

அப்போது 'டமார்' என்றது. முற்றத்துக்கு மேலே போன குழாய் நடு இணைப்பில் பிய்த்துக்கொண்டது. மேட்டு டேங்கு தள்ளுகிற தள்ளலில் சுடுதண்ணீர் கூரைக்கு மேலே எழும்பி, அந்தக் குளிரில் விரிந்து ஆறி, நாற்பது பேர் மேலும் பதமான வெந்நீர் மழையாக இறங்கியது.

முதலில் அலறினார்கள். பிறகு அலறல் நின்றது. பிறகு ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல்: "டேய், சோப்பு எங்கடா?"

அப்புறம் கேட்க வேண்டுமா? மாப்பிள்ளை குளித்தார். மாமன் மச்சான் எல்லாரும் முதுகு தேய்த்துக்கொண்டார்கள். "குத்தாலத்துலகூடச் சூடா விழுகாது மாமா!" என்று ஒருவன் ஆடினான். குருவையா ஒன்றும் புரியாமல் நனைந்துகொண்டு நின்றார். முதல் சொம்பு வழக்கம் மழைக்குக் கிடையாது என்று, சுவரோரம் ஒதுங்கி நின்ற சுருளியாண்டி எல்லாரையும் முன்னால் விட்டார். பெரிய மனிதர் அல்லவா, கடைசியில் நிதானமாகத் துண்டைக் கட்டிக்கொண்டு மழைக்குள் போனார்.

அதற்குள் கீசரிலிருந்த சூடு தீர்ந்துபோயிருந்தது. இப்போது மேட்டு டேங்கிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது, தை மாதத்து மலைத்தண்ணீர்.

சுருளியாண்டியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது. முப்பது வருஷத்து நடுக்கம் அப்படியே கால் வழியாக ஏறி வந்தது. குருவையா கைகூப்பி நின்றார். அவருக்குப் பின்னால் நாச்சம்மா. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் செவ்வந்தி, தலையில் பாதிப் பூவோடு, மூச்சுவிடாமல்.

"எப்படி இருக்கு சம்பந்தி?" என்றார் குருவையா.

ஒரே ஒரு ஆளு பச்சைத்தண்ணியில் குளித்தாலும் வேனில் ஏற்றுவேன் என்று வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவர் சுருளியாண்டி. மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தியைப் பார்த்தார். அங்கே இட்லி ஆவி பறந்தது.

"சு... சு... சூடாத்தான் இருக்கு," என்றார்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்கவில்லை. அட்சதை போட்ட அப்பாவின் கைதான் உதறியது. அரிசி முழுவதும் நாதஸ்வரக்காரர் மேல் போய் விழுந்தது.

கல்யாணம் முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, மூன்று பேரும் கீசர் முன்னால் கூடினார்கள். குழாய் பிரிந்து கிடந்தது. கீசர் டேங்கு காலி. வேறு பிளம்பரைக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தது. யாகப்பன் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று அந்தப் பேச்சு போயிற்று. ஆனால் காலி டேங்கு சொட்டாது. சொட்டாவிட்டால் பயப்பட வேண்டும். கொஞ்ச நாள் முறைவைத்து ஆளுக்கு ஒருநாள் ஊருக்காகக் காரட் காட்டில் உட்கார்ந்து பயந்தார்கள். அறுவடை வந்ததும் ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் குருவையா அந்த ஓரத்து வால்வைக் கழற்றி, மேட்டு டேங்குப் பச்சைத்தண்ணீர்க் குழாயில் கொஞ்சம் தளர்வாகப் பொருத்தினார். அது இரவும் பகலும் சொட்டியது. ஊருக்கு நிம்மதி வந்தது. கீழே இருந்து வந்த ஒரு புதுப் பிளம்பர், "ஐயா, இந்த வால்வு ஒழுகுது, ஒரு நிமிசத்துல நிறுத்திருவேன்," என்று சொல்லிவிட்டான். அவனைப் பஸ் நிறுத்தம்வரை துரத்திக்கொண்டு போய் ஏற்றிவிட்டார்கள். தலையைச் சுற்றித் துண்டைச் சுழற்றிக் காட்டவும் மறக்கவில்லை.

வால்வுக்கு அடியில் யாகப்பன் பெயர் வெட்டிய செம்பு. அது நிறைந்ததும் வாழையிலை கட்டிப் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். கண்டக்டர் அதை வத்தலக்குண்டில் சேர்த்துவிட்டு வெறும் செம்பைத் திருப்பிக் கொண்டுவருவார். ஞானப்பூ அம்மாள் அந்தத் தண்ணீரை வாசலில் வைத்திருந்த எலுமிச்சைக்கு ஊற்றினாள். கொஞ்ச காலம் கழித்து, வேர் அழுகுகிறது, தண்ணீரைச் சற்று நிறுத்துங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். "அடக்கப் பாக்காதீங்கன்னு அவரு மொதல்லயே சொல்லிட்டாரே," என்றார் குருவையா. செம்பு வழக்கம்போலப் பஸ் ஏறியது.

யாகப்பன் வீட்டு வாசலில் இப்போது எலுமிச்சை இல்லை. நாலு வாழை நிற்கிறது.